புத்தகம் போனாலும் பட்டியல் போகக்கூடாது

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மதியம், பாடசாலை விட்ட நேரம், ஒரு தாய் எமது நூலக வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“ரீச்சர், 2006ஆம் ஆண்டு எங்கட பள்ளிக்கூடம் ஒரு மலர் போட்டது. அதில என்ர மகன்ர படம் இருக்கு. ஒருக்கா பாக்கலாமோ?”

மகன் எமது பாடசாலையின் பழைய மாணவன். 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவன். வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் இடப்பெயர்வில், எந்த ஊரில் எந்தப் பையோடு போயின என்று தெரியாமலே போய்விட்டன.

நூலகத்தை நான் பொறுப்பேற்று அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலுமாரி அலுமாரியாகத் தேடினேன். மலர் இல்லை. அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. அப்படியொரு மலர் எங்களிடம் இருந்ததா என்பதைக்கூட அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. வன்னியில் உள்ள எமது பாடசாலையில் யுத்தத்துக்கு முன்னர் இருந்த புத்தகங்களோடு, அவற்றின் பதிவேடும் போயிருந்தது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 என்று எம்மில் அநேகர் மனப்பாடமாகச் சொல்வோம். அந்த எண் எங்களிடம் இருக்கிறது. ஆனால், வன்னியின் சின்னச் சின்னப் பாடசாலை நூலகங்களில் எத்தனை புத்தகங்கள் போயின, என்னென்ன போயின என்று கேட்டால் சொல்வதற்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. எதை இழந்தோம் என்று தெரியாத இழப்பைத் திரும்பத் தேடவும் முடியாது.

அந்தத் தாய் போன பிறகுதான் பட்டியல் வேலையைத் தொடங்கினோம். பணம் இல்லை. பழைய கணினி ஒன்றும், மாணவர்களும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சில கருவிகளும் இருந்தன. எங்களுக்கு எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, எங்கே பிழைவிட்டோம் என்பதை மற்றப் பாடசாலைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பட்டியல்

நூலகங்களுக்கென்றே இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது கோஹா. நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘அன்பளிப்பு’ என்று பொருள். பெரிய நூலகங்களுக்கு அது மிக நல்லது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்களிடம் இருந்தவை ஆயிரத்து நானூறுக்குச் சற்று அதிகமான புத்தகங்கள். அதற்கு ஒரு விரிதாள் போதும். இணைய வசதி இருந்தால் கூகுள் ஷீட்ஸ், இல்லாவிட்டால் லிப்ரே ஆபிஸ் கல்க். இரண்டும் இலவசம்.

ஒன்பது நிரல்கள் வைத்தோம்: பதிவிலக்கம், தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, வகுப்பிலக்கம், அலுமாரி, புத்தகத்தின் நிலை, குறிப்பு. வகுப்பிலக்கத்துக்கு நூலகங்கள் வழமையாகப் பயன்படுத்தும் தூயி தசமப் பகுப்பையே எடுத்துக்கொண்டோம். கணிதம் 510, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. சிறு நூலகத்துக்கு இந்த அளவு போதும்; இதற்கு மேல் தசமங்களைக் கூட்டினால் புத்தகத்தைத் திரும்ப வைக்கும் பிள்ளைதான் குழம்பும்.

உயர்தர மாணவர்கள் நான்கு பேர், இரண்டு சோடிகளாக உட்கார்ந்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்தார். மணித்தியாலத்துக்கு நாற்பது புத்தகங்கள் வரை போனது. பாடசாலை முடிந்த பின்னர் வாரத்தில் மூன்று நாட்கள் செய்து இரண்டு மாதங்களில் முடித்தோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அதிபர் கையொப்பமிடும் கடதாசிப் பதிவேடு அப்படியே தொடர வேண்டும். வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் கேட்பது அதைத்தான். கணினிப் பட்டியல் அதற்குப் பதிலாக வந்ததல்ல, துணையாக வந்தது.

எழுத்துருவும் பெயர்களும்

முதல் வாரத்திலேயே ஒரு பெரிய பிழை விட்டோம். ஒரு மாணவி இருநூறு தலைப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தாள். திரையில் தமிழாகத் தெரிந்தது. தேடினால் எதுவும் அகப்படவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவம் கண்ணுக்கு மட்டும்தான். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. எமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல வருடக் கோப்புகள் இப்படித்தான் கிடக்கின்றன.

பட்டியலை யூனிகோட்டில்தான் அடிக்க வேண்டும். ஏற்கெனவே பாமினியில் அடித்தவற்றை மாற்றப் பொங்குதமிழ் போன்ற இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது பெயர்கள். ‘கா. சிவத்தம்பி’ என்று ஒரு பிள்ளையும், ‘கார்த்திகேசு சிவத்தம்பி’ என்று இன்னொரு பிள்ளையும் அடித்தால், ஒரே அறிஞர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். புனைபெயர்கள் இன்னும் சிக்கல். புவியியல் நூல்களில் க. குணராசா என்றிருப்பவரும், நாவல்களில் செங்கை ஆழியான் என்றிருப்பவரும் ஒருவரே. புத்தகத்தின் அட்டையில் உள்ள பெயரை ஆசிரியர் நிரலிலும், மற்றப் பெயரைக் குறிப்பு நிரலிலும் எழுதுவது என்று முடிவெடுத்தோம். எந்தப் பெயரில் தேடினாலும் இரண்டும் வரும். எந்த விதி என்பதைவிட, ஒரே விதியை எல்லோரும் பின்பற்றுவதே முக்கியம். அந்த விதிகளை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டோம்.

இணையம் இல்லாமலே விக்கிப்பீடியா

எங்கள் பக்கத்தில் இணைப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் டேட்டாவுக்குப் பணம் வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களைத் திறக்க ஒரு கைத்தொலைபேசிகூட இல்லாத வீடுகள் எத்தனை என்பதைக் கண்ணால் கண்டோம். ஆகவே ‘இணையக் கருவி’ என்றவுடன், இணைப்பு இல்லாத நாளில் அது என்ன செய்யும் என்பதே எனது முதல் கேள்வி.

இதற்கு நல்ல விடை கிவிக்ஸ். சுவிற்சர்லாந்தைத் தளமாகக் கொண்ட ஓர் இலாப நோக்கற்ற அமைப்பின் இலவச மென்பொருள் இது. விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே வாசிக்கலாம், தேடலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் படங்கள் இல்லாத பதிப்பு ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கிவிடும். நகரில் நல்ல இணைப்பு உள்ள ஓர் ஆசிரியர் வீட்டில் இரவு தரவிறக்கி, காலையில் கொண்டுவந்து நூலகக் கணினியில் போட்டோம். சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்று இருந்தால், அந்தக் கணினியிலிருந்தே வகுப்பிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் பகிரலாம். டேட்டா ஒரு துளியும் செலவாகாது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. அதை ஆரம்ப காலத்திலிருந்து வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் முதலில் தேடியது தங்கள் ஊர்களின் பெயர்களைத்தான். சில ஊர்களுக்கு இரண்டு வரி இருந்தது, சிலவற்றுக்கு எதுவும் இல்லை. “அப்ப நாங்களே எழுதலாமோ ரீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். எழுதலாம். ஆனால் சொல்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் பழைய மலரிலோ பழைய பத்திரிகையிலோதான் இருக்கும் என்று விளக்கும்போது, நூலகம் எதற்கு என்பது பிள்ளைகளுக்குத் தானாக விளங்கியது.

தேடிப் போகவேண்டிய இடங்கள்

தரம் 1 முதல் 11 வரையான அரச பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்களும் பயிற்சிகளும் உண்டு. இவற்றைத் தரம் வாரியாகக் கோப்புறைகளில் போட்டு நூலகக் கணினியில் வைத்திருக்கிறோம். வருடத் தொடக்கத்தில் பாடநூல் கிடைக்கத் தாமதமாகும் பிள்ளைக்கு அந்த வாரப் பாடத்தை அச்செடுத்துக் கொடுக்க முடிகிறது.

எம்மவர்களின் எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தைவிடப் பெரிய இடம் இல்லை. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அது, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், இறந்தவர்களின் நினைவு மலர்கள் என்பவற்றை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. பெரும்பாலானவற்றை இலவசமாக வாசிக்கலாம். உயர்தரத் தமிழ் மாணவர் ஒருவர் ஈழத்துச் சஞ்சிகை பற்றி ஒப்படை செய்ய வந்தால், எங்கள் அலுமாரியில் அந்தச் சஞ்சிகையின் ஒரு இதழ்கூட இல்லாதபோதும், நான் இப்போது ‘இல்லை’ என்று சொல்லி அனுப்புவதில்லை.

கைத்தொலைபேசியே ஸ்கானர்

பட்டியல் முடிந்ததும் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி போட்டோம்: ‘எமது பாடசாலையின் பழைய மலர், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், விளையாட்டுப் போட்டிப் புத்தகம் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?’ மூன்று மாதங்கள் பதில் இல்லை. பிறகு வவுனியாவில் இருக்கும் ஒரு பழைய மாணவி, அட்டை கிழிந்த ஒரு மலரைக் கொண்டுவந்து தந்தார். அது 2003ஆம் ஆண்டு மலர். சமாதான காலத்தில் அச்சானது.

அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதால் கைத்தொலைபேசியில் படமெடுத்தோம். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கான் வசதி இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் சில குறிப்புகள்:

யன்னலோரப் பகல் வெளிச்சமே நல்லது. பிளாஷ் போட்டால் மினுக்கமான தாள் வெள்ளையாகிவிடும். தொலைபேசி தாளுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், சரிவாகப் பிடித்தால் எழுத்து வளையும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும், வெற்றுப் பக்கத்தையும் விளம்பரப் பக்கத்தையும் விடக்கூடாது; அந்த ஊரில் அன்று என்னென்ன கடைகள் இருந்தன என்பதற்கு இன்று அந்த விளம்பரங்கள்தான் சாட்சி. கோப்புக்கு ஆண்டையும் பக்க எண்ணையும் 001, 002 என்று மூன்று இலக்கங்களில் பெயராகக் கொடுத்தால் வரிசை குழம்பாது.

படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றவும் வழி உண்டு. படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால், படத்தின் கீழே அதன் எழுத்துகள் வந்துவிடும். தமிழையும் வாசிக்கும். ஆனால் முழுதாக நம்பக்கூடாது. ‘ர’ எழுத்துக்கும் ‘ா’ காலுக்கும் அடிக்கடி குழம்பும்; பழைய அச்சில் உள்ள ‘லை’, ‘னை’ வடிவங்களிலும் தடுமாறும். பெயர்ப் பட்டியல்களை ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெயரைப் பிழையாகப் பதிவது சின்ன விடயமல்ல.

எல்லாவற்றையும் ஸ்கான் செய்து இணையத்தில் போடவும் முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுத்தாளரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரின் எழுத்துகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1986இல் மறைந்த கே. டானியலின் நாவல்களுக்கு முடியவில்லை. குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். பாடசாலை மலர் எமது சொந்த வெளியீடு என்பதால் அதில் தொடங்குவது இலகு.

ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

‘கூகுளில் போட்டாயிற்று, இனிப் பயமில்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய நூலகங்களுள் ஒன்றான அதன் இணையப் பட்டியலே 2024 ஜனவரி வரை இயங்கவில்லை. 2024 ஒக்ரோபரில், உலகெங்கும் பலர் நம்பியிருக்கும் இணைய ஆவணகமும் தாக்குதலுக்குள்ளாகிப் பல நாட்கள் முடங்கியது. நெருப்புக்கு மட்டுமல்ல, வேறு பலவற்றுக்கும் நூலகங்கள் பயப்பட வேண்டிய காலம் இது.

கணினி வல்லுநர்கள் சொல்லும் எளிய விதி ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். எங்கள் பட்டியலின் ஒரு பிரதி கூகுளில், ஒன்று நூலகக் கணினியில், ஒன்று பென்டிரைவில். அந்தப் பென்டிரைவ் வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு பழைய மாணவரிடம் இருக்கிறது. தவணைக்கு ஒருமுறை புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்குகிறோம். வருடத்துக்கு ஒருமுறை கடதாசியிலும் அச்செடுக்கிறோம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடதாசிக்கு மின்சாரம் தேவையில்லை. பட்டியலைச் சி.எஸ்.வி வடிவிலும் சேமியுங்கள், அப்போது எந்த மென்பொருளிலும் திறக்கலாம். சேமிக்கும்போது ‘யூ.டி.எஃப்-8’ என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

கணக்கு பாடசாலையின் பெயரில் இருக்க வேண்டும், ஆசிரியரின் பெயரில் அல்ல. ஆசிரியர் இடமாற்றத்தில் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். எங்கள் கடவுச்சொல் ஓர் உறையில் ஒட்டப்பட்டு அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வருடங்கள் திறக்கப்படாத கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எதைப் போடக்கூடாது

யுத்தம் முடிந்த பிறகு எத்தனை படிவங்களை நிரப்பினோம் என்று எங்கள் சனங்களுக்குத்தான் தெரியும். பெயர், முகவரி, குடும்பத்தில் யார் இல்லை, எப்போது இல்லாமல் போனார். அவை எல்லாம் எங்கே போயின என்று யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அதே பிழையை நாங்கள் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாது.

புத்தகப் பட்டியலை ஊருக்கே திறந்துவிடலாம். இரவல் பதிவேடு அப்படியல்ல. எந்தப் பிள்ளை எதை வாசிக்கிறது என்பது அந்தப் பிள்ளையின் விடயம். இரவல் பதிவில் மாணவரின் சேர்விலக்கத்தை மட்டும் எழுதுகிறோம். அந்தக் கோப்பு இணையத்துக்குப் போவதில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் வருமுன்னரே அந்தக் கவனம் தேவைப்பட்டது.

பழைய மலர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தாய்க்குப் பொக்கிஷமான குழுப்படம், அதே படத்தில் நிற்கும் இன்னொருவருக்குப் பயத்தைத் தரலாம். ஆகவே 2003 மலரை நூலகத்துக்குள் யாரும் பார்க்கலாம். முழுவதையும் பொதுவெளியில் இன்னும் போடவில்லை. படங்களில் உள்ளவர்களையும் குடும்பங்களையும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

மலர் கிடைத்ததும் அந்தத் தாய்க்குச் சொல்லியனுப்பினேன். இது நீங்கள் கேட்ட ஆண்டு இல்லை என்று முதலே சொன்னேன். கணினிக்கு முன்னால் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். மகனின் படம் இல்லை. பரிசு பெற்றோர் பட்டியலில், தரம் 7, கணிதம், முதலாம் பரிசு என்ற இடத்தில் அவனுடைய பெயர் இருந்தது. அவர் விரலைத் திரையில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இந்தப் பக்கத்த மட்டும் ஒரு கொப்பி எடுத்துத் தருவியளோ?” என்று கேட்டார்.

எங்கள் விரிதாளில் இப்போது இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘இழந்தவை’ என்று பெயர். முன்னாள் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் நினைவிலிருந்து சொல்லும் புத்தகங்களையும் மலர்களையும் அதில் எழுதிக்கொண்டு வருகிறோம். யார் சொன்னார், எந்த ஆண்டு, அட்டை என்ன நிறம் என்பதும் உண்டு. அதன் முதலாவது வரி: ‘ஆண்டு மலர், 2006. இருப்பில் இல்லை. தேடப்படுகிறது.’

உங்கள் வீட்டு றங்குப் பெட்டியிலோ, புலம்பெயர்ந்த நாட்டில் உங்கள் அண்ணா, அக்காவின் வீட்டு அலுமாரியிலோ, நீங்கள் படித்த பாடசாலையின் மலர் ஒன்று இருக்கக்கூடும். அதைத் தர வேண்டியதில்லை. யன்னலோரம் வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அந்தப் பாடசாலைக்கு அனுப்பி வையுங்கள். யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.